வேர்க்காத இடம்

கொடைக்கானல் ஏரிக்கரையில் நிற்கிற குதிரைகளுக்கு வெள்ளைக்காரிகள் பெயர்தான் வைப்பார்கள். ரோஸி, டயானா, லில்லி என்று. டூரிஸ்ட் பிள்ளைகள் கூப்பிட வாகாக இருக்குமாம். முத்திருளனின் செவலைக் குதிரைக்கும் அப்படித்தான் ஜூலி என்று பெயர் வந்தது. வாடிப்பட்டிக்கு வந்த பிறகு அந்தப் பெயரைக் கேட்டு ஊரே சிரித்தது. இந்தப் பக்கம் ஜூலி என்றால் நாய். முத்திருளன் பெயரை மாற்றவில்லை. "அது கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குது. உங்கள்ல எத்தன பேரு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குறீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவன் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்திருக்கிறார். அந்த நடையை நேராக நடந்திருந்தால் காசிக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போயிருக்கலாம். மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். மனைவி ராமக்காள் கறி எடுத்துக் குழம்பு வைப்பாள். மகள் சரண்யாதேவி புத்தகப் பையோடு வந்து ஒட்டி உட்காருவாள். மூன்றாம் நாள் விடியும் முன்னே பஸ் ஏறிவிடுவார். அப்படியே மகள் வளர்ந்து, கல்யாணமாகி, திருப்பூருக்குப் போய்விட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ராமக்காள் செத்துப்போனாள். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி கேட்டு மலையிறங்கியவர் பிறகு ஏறவே இல்லை. வயதாகிப்போன ஜூலியை வைத்துத் தீனி போட மனமில்லாத முதலாளி, "நீயே வச்சுக்க முத்து" என்று லாரியில் ஏற்றி அனுப்பிவைத்தார்.

ஊருக்கு ஓரத்தில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீடு. ஒட்டினாற்போல ஜூலிக்கு ஒரு தகரக் கொட்டகை. காலையில் ஒருதரம் சோறு பொங்கினால் மூன்று வேளைக்கும் அதுதான். டி.வி. ஓடும், பார்க்க ஆள் இருக்காது. பகலெல்லாம் குதிரையோடுதான் பேச்சு. தண்ணீர் காட்டும்போது கரண்ட் கட்டைப் பற்றிப் பேசுவார், தேய்த்துவிடும்போது கத்தரிக்காய் விலையைப் பற்றிப் பேசுவார். ஜூலி காதை இப்படியும் அப்படியும் திருப்பும். பதில் சொல்லாத துணையும் துணைதானே. ஆனாலும் தனிமை என்றால் தனிமைதான். அதற்கு வேறு பெயர் வைத்துப் பிரயோஜனமில்லை.

கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம் என்றுதான் பார்த்தார். மதுரைக்காரர்களுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் வெள்ளைக் குதிரை வேண்டும். செவலை என்று சொன்னதும் போனை வைத்துவிடுவார்கள். இரண்டு வருஷமாக ஜூலியை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளிடமிருந்து போன் வரும்.

"எப்டிப்பா இருக்க?"

"எனக்கென்ன தாயி, நல்லாத்தான் இருக்கேன்."

"அந்தக் குதிரைய யார்ட்டயாவது குடுத்துட்டு இங்க வந்துருப்பா. யாரு செவலையக் கூப்பிடப் போறா?"

கடைசியில் சித்திரை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் வாக்குக் கொடுத்துவிட்டார். "ஒரே ஒரு ஊர்வலம் வந்திருக்கு. அது நல்லபடியா நடந்தா ஜூலி என்கூட இருக்கும். இல்லேன்னா பழனிப் பக்கம் ஜட்கா வண்டி வச்சிருக்குற ஆளு கேக்குறாப்ல, அவர்ட்டக் குடுத்துட்டு வந்துர்றேன்."

அந்த ஒரு ஊர்வலம் வந்த விதம் வேடிக்கையானது. அவனியாபுரத்தில் ஆட்டோ, வேன், பைக் சீட்டுகளுக்குக் குஷன் தைக்கிற கடை வைத்திருக்கிறார் சேக் மைதீன். மகன் முகமது யாசீனுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். அவருடைய பாட்டனார் வெள்ளைக்காரன் காலத்துக் குதிரைப் பட்டாளத்தில் இருந்தவர், பஸ்ரா வரைக்கும் போய் வந்தவர். வரும்போது ஒரு சேணத்தையும் கொண்டுவந்தார். ஏலத்தில் எடுத்தாரா, அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாரா என்று அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதே மரியாதை. அந்தச் சேணத்தில்தான் மகன் உட்கார்ந்து போக வேண்டும் என்பது மைதீன் பாயின் ஆசை.

சேணத்தையும் ஒரு பழைய போட்டோவையும் எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, எங்க அத்தாவோட அத்தா. குதிரையப் பாருங்க. வெள்ளையா?"

கறுப்பு வெள்ளைப் படத்தில் குதிரை கறுப்பா செவலையா என்பது படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். ஆனால் வெள்ளை இல்லை. முத்திருளனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"வெள்ளை இல்ல பாய். எங்க ஜூலியேதான்" என்றார்.

ராணுவச் சேணம் நம் கல்யாணக் குதிரைகளுக்குக் கட்டுகிற ஜிகினா மெத்தை மாதிரி இல்லை. முன்னால் ஒரு இரும்பு வளைவு, பின்னால் ஒரு இரும்பு வளைவு. இரண்டையும் இணைத்து முதுகெலும்பின் இரு பக்கமும் படிகிற மாதிரி நீளமான இரண்டு மரப் பலகைகள். பலகைக்கு அடியில் ஃபெல்ட் என்கிற கெட்டிக் கம்பளித் துணி, அதற்கும் கீழே மடித்த கம்பளி. மேலே தோல் இருக்கை. நூறு வருஷமாகியும் இரும்பில் துருவில்லை. மைதீன் பாய் தம் பங்குக்குப் பலகைக்கு அடியில் இரண்டு இன்ச் ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்திருந்தார். "வேனுக்குப் போடுற ஒசத்தி ஸ்பாஞ்சுண்ணே. குதிரைக்குச் சொகமா இருக்கும்" என்று தட்டிக் காட்டினார். குஷன்காரருக்கு உலகத்து வலிக்கெல்லாம் ஸ்பாஞ்ச்தான் மருந்து.

நிக்காஹுக்குப் பதினாறு நாள் இருந்தது. மறுநாளே முத்திருளன் சேணத்தைக் கட்டி, இருபுறமும் மணல் மூட்டை தொங்கவிட்டு, ஜூலியை வாய்க்கால் கரையில் ஒரு மணி நேரம் நடத்தினார். நல்ல வெயில். ஜூலி தலையைத் தொங்கப் போட்டபடி சொன்ன இடத்துக்கெல்லாம் வந்தது. திரும்பி வந்து சேணத்தை இறக்கிப் பார்த்தார். முதுகு முழுக்க வேர்த்து நனைந்திருந்தது. நாலே நாலு இடம் மட்டும், தோளுக்குப் பின்னால் இரண்டும் இடுப்புக்கு முன்னால் இரண்டுமாக, உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது.

அவருக்குச் சந்தோஷமாகப் போயிற்று. அந்த நாலு இடத்திலும் ஒரு உபத்திரவமும் இல்லை, மற்ற இடத்தில்தான் கொஞ்சம் உரசுகிறது என்று நினைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷம் குதிரையோடு இருந்தவருக்கு இது தெரியாதா என்று கேட்கலாம். கொடைக்கானல் குளிரில் பத்து நிமிஷச் சவாரிக்குக் குதிரை எங்கே வேர்க்கப்போகிறது? குதிரை முதுகின் வேர்வையைப் படிக்க அவருக்கு அங்கே வாய்ப்பே வரவில்லை. மைதீன் பாய்க்குப் போன் போட்டு, "எடுப்பா உக்காந்துருச்சு பாய்" என்று சொல்லியும்விட்டார்.

காலையில் கொட்டகைக்குப் போனபோது அந்த நாலு இடமும் வீங்கியிருந்தது. கை வைத்ததும் ஜூலியின் தோல் சிலிர்த்து முதுகு பள்ளமாய் இறங்கியது. ஆறு வருஷத்தில் ஒருநாளும் பல்லைக் காட்டாத குதிரை, கழுத்தைத் திருப்பிக் காற்றைக் கடித்தது. முத்திருளன் பழைய சட்டையைத் தண்ணீரில் நனைத்து முதுகில் போட்டுவிட்டு, கால்நடை டாக்டரைக் கூட்டிவர ஓடினார்.

டாக்டர் தமிழ்வாணிக்கு மகள் வயதுதான் இருக்கும். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போனார். வீக்கத்தைச் சுற்றி விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். மூலையில் கிடந்த சேணத்தையும் புரட்டிப் பார்த்தார்.

"நேத்து சேணத்தை எறக்குனப்ப இந்த எடமெல்லாம் எப்டி இருந்துச்சுங்கய்யா?"

"இங்கதாம்மா ஒரு கொறையும் இல்ல. காஞ்சு கெடந்துச்சு. மத்த எடந்தான் நனஞ்சு போச்சு."

டாக்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "வேர்த்த எடம் நல்லாருக்குன்னு அர்த்தங்கய்யா. மொத்த பாரமும் எறங்குற எடத்துல ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடலேன்னா வேர்வை எங்கருந்து வரும்? எங்க ரொம்ப வலிக்குதோ அந்த எடந்தான் காஞ்சு கெடக்கும். நாமதான் அதப் பாத்துட்டு நல்லாருக்குன்னு நெனச்சுக்குறோம்."

முத்திருளன் கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் மேற்கொண்டு என்னென்னவோ சொன்னார். ஒரு வாரத்துக்குச் சேணம் கூடாது, தண்ணீர்த் துணி போட வேண்டும், வயதான குதிரைக்கு முதுகு நடுவில் தொய்ந்துவிடும், அதனால் நீளப் பலகை முன்னாலும் பின்னாலும் மட்டும் குத்துகிறது என்றார். "ஸ்பாஞ்ச வச்சா இன்னும் மோசங்கய்யா. கடிக்கிற செருப்புக்குள்ள துணிய அடைச்ச கதைதான். சரியா உக்காரலேன்னா ஊர்வலத்த விட்ருங்க. இல்லேன்னா புண்ணு வச்சு, அப்பறம் இத எந்திரிக்க வைக்க முடியாது." எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் மனசு காய்ந்து கிடக்கிற இடத்திலேயே நின்றுவிட்டது.

ராமக்காள் நினைவுதான். ஏரிக்கரையிலிருந்து வாரம் ஒருமுறை போன் போடுவார். "எப்டி இருக்க?" என்பார். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். அழுததில்லை, குறை சொன்னதில்லை, வா என்று கூப்பிட்டதுமில்லை. 'நமக்கு வாய்ச்சது தங்கம், ஒரு தொந்தரவும் இல்ல' என்று சக குதிரைக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். வயிற்றில் கட்டி இருந்தது ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் தெரிந்தது. பதினோராம் நாளே முடிந்துபோனது. எடுத்துப் போட்ட அன்றைக்கு சரண்யாதேவி கேட்டாள்: "ரெண்டு வருசமா வலியில துடிச்சுச்சுப்பா. ஒனக்குத் தெரியவே தெரியாதா?"

தெரியாது. அதுதான் உண்மை. உண்மை என்பதால் வலி குறைந்துவிடுமா என்ன?

அந்த வாரம் முழுக்க வேளைக்கு வேளை துணியை நனைத்துப் போட்டார். வீக்கம் வடிய வடிய அவருக்கு வேறொரு பயம் பிடித்தது. ஊர்வலம் ஒரு மணி நேரம்தான். நாலு கம்பளியை மடித்துப் போட்டு இழுத்துக் கட்டினால் ஜூலி பேசாமல் நடந்துவிடும். தாங்கிக்கொள்ளும். அது தாங்கிக்கொள்ளும் என்பதுதான் பயமாக இருந்தது. விட்டுவிடலாம் என்றால் மகளுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஜூலி பழனிக்குப் போக வேண்டும். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறித்தது அவருடைய வாய்தான்.

எட்டாம் நாள் மைதீன் பாய் இன்னும் ஒரு ரோல் ஸ்பாஞ்சோடு வந்து இறங்கினார்.

"பழச எடுத்துருங்க பாய்" என்றார் முத்திருளன்.

"என்னண்ணே, மூணு தலமுறையா குஷன் தைக்கிறோம். எனக்கே..."

"சீட்டுக்கு முதுகு கெடையாது பாய். சீட்டுக்கு வலிக்காது. எடுங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மைதீன் பாய் முகம் சுண்டிப்போய்க் கத்தரியை எடுத்தார். ஸ்பாஞ்ச் வெளியே வந்தது.

முத்திருளன் வீட்டுக்குள் போனார். அடுப்புக்கு மேலே பலகையில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. ராமக்காளின் கோலப்பொடி. ஆறு வருஷமாக அந்த வாசலில் யாரும் கோலம் போடவில்லை. பாட்டிலையும் தூக்கிப்போடவில்லை. மூடி இறுகிப் போயிருந்தது. துணி சுற்றித் திருகித் திறந்தார். பொடியைக் கொண்டுவந்து ஜூலியின் முதுகில் மெல்லிசாகத் தூவினார். பலகையின் அடியை ஈரத்துணியால் துடைத்து, சேணத்தை மேலே வைத்து அழுத்தி, அசங்காமல் தூக்கித் திருப்பினார். பலகையின் இரண்டு முனையிலும் வெள்ளை அப்பியிருந்தது. நடுவில் பொடியே இல்லை.

மைதீன் பாய் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"அடப்பாவி, நடுவுல தொடவே இல்லையே! நாலு மூலையில நிக்கிது, கட்டில் மாதிரி!"

"ஆமா பாய். நாலு காலும் அது முதுகுல."

அதற்குப் பிறகு சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. என்ன இருந்தாலும் மூன்று தலைமுறைக் குஷன்காரர் அல்லவா? முனைகளில் இருந்த ஃபெல்ட்டை இழை இழையாகச் சீவி எடுத்தார். நடுவுக்கு மட்டும் புது ஃபெல்ட்டை வாழையிலைக் குருத்து மாதிரி, ஓரம் மெலிந்து நடு தடித்ததாக வெட்டி வைத்துத் தைத்தார். மறுபடி பொடி தூவினார்கள், வைத்தார்கள், எடுத்தார்கள். ஐந்தாவது தடவைதான் பலகையின் தலை முதல் கால் வரை ஒரே சீராக வெள்ளை படிந்தது. முத்திருளன் ஒற்றைக் கம்பளியை மட்டும் மடித்தார். முடி போகிற போக்கிலேயே பின்னால் இழுத்துவிட்டு, முதுகெலும்புக்கு மேலே கம்பளியைத் தூக்கிவிட்டார். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு அங்கே காற்று போனது.

ஆனால் மணல் மூட்டை வேறு, மாப்பிள்ளை வேறு. நிக்காஹுக்கு நாலு நாள் முன்னால் யாசீனை வரச்சொன்னார்கள். பிரியாணியில் வளர்ந்த நல்ல உடம்பு. சேணத்தில் ஏற்றி உட்காரவைக்க ஒரு நாற்காலியும் இரண்டு பெரியவர்களும் தேவைப்பட்டார்கள். ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு அல்லாவைக் கூப்பிட்டான். வாய்க்கால் வரை போய் வந்து இறக்கிப் பார்த்தால் முதுகு நனைந்திருந்தது. இடது தோளுக்குப் பின்னால் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் காய்ந்திருந்தது. அந்த இடத்துக்கு நேராக மைதீன் பாய் ஃபெல்ட்டை இன்னும் சீவினார். இன்னொரு முறை நடத்திப் பார்க்க ஆசைதான். ஆனால் அந்தத் தோலுக்கு ஓய்வு வேண்டும். இனி ஊர்வலத்தன்றைக்குத்தான் தெரியும்.

"அன்னிக்கு அது மொகத்துல ஏதாச்சும் தெரிஞ்சா நடு ரோட்லயே எறக்கிருவேன் பாய். கோவிச்சுக்கப்படாது."

"எறக்குங்கண்ணே. எம் மகன் நடந்து வரட்டும். கொஞ்சம் எளைப்பான்" என்றார் மைதீன் பாய்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜூலியைக் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி அவனியாபுரம் கொண்டுபோனார். பூமாலை சுற்றிய சேணத்தில் யாசீன் ஷெர்வானியோடு உட்கார்ந்தான். முன்னால் தப்பு மேளம், பின்னால் ஷேர் ஆட்டோக்களின் ஹாரன். ஆளாளுக்கு போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். 'பட்டாளத்தார் கொள்ளுப்பேரன் வாரான்டி' என்று மாடியிலிருந்து பெண்கள் கூவினார்கள். அம்புட்டுக் கூட்டத்திலும் முத்திருளனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஜூலியின் காதையும் கண்ணையும் மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தார். காது ஒருமுறைகூடப் பின்னால் மடங்கவில்லை. ஆனால் அவர் அதை நம்புவதாக இல்லை. முகத்தில் காட்டாத ஜீவன்களோடு வாழ்ந்து பட்டவர் அவர்.

பள்ளிவாசலில் மாப்பிள்ளையை இறக்கியதும் எல்லோரும் உள்ளே போனார்கள். மைதீன் பாய் வாசலில் நின்று, "அண்ணே, சாப்பாட்டுக்கு வந்துரணும்" என்று கத்திவிட்டுப் போனார். முத்திருளன் ஜூலியைப் பின்பக்கம் வேப்பமரத்து நிழலுக்கு நடத்திக்கொண்டு போனார். வயிற்றுவாரை அவிழ்த்தார். உடனே தூக்கவில்லை. பழனிக்காரர் முகம் ஒருதரம் கண்ணில் வந்து போனது. கண்ணை மூடிக்கொண்டு சேணத்தையும் கம்பளியையும் சேர்த்துத் தூக்கினார்.

முழுக்க நனைந்திருந்தது. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். உள்ளங்கையை வைத்து இன்ச் இன்ச்சாகத் தடவிப் பார்த்தார். காய்ந்த இடம் ஒன்றுகூட இல்லை. ஜூலி ஒரு பெருமூச்சு விட்டு, உடம்பை உதறி, அவர் சட்டை முழுக்க வேர்வையைத் தெளித்தது. ஈரக் கையை முகத்தில் துடைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பைப் பகிர்ந்துகொள்ளச் சுற்றிலும் பார்த்தார். மரத்தடியில் யாரும் இல்லை.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை அல்லவா? அந்தப் பக்கம் வழக்கம்போலத் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சரண்யாதேவி வீட்டிலேயே பனியனுக்குக் கை வைத்துத் தைக்கிறாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டுதான் பேசுவாள்.

"என்னப்பா, ஊர்வலம் நடந்துச்சா?"

"நல்லபடியா நடந்துச்சு தாயி. முதுகுல ஒரு சின்னப் பழுது இல்ல."

"சரி, அப்ப குதிரைய விட்டு நீ வர மாட்ட. நீ எப்டிப்பா இருக்க?"

'எனக்கென்ன' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த வார்த்தை யாருடையது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நனைந்த முதுகின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நல்லா இல்ல தாயி. வீட்டுக்குள்ள நொழஞ்சா ஒரு பேச்சுக் குரல் இல்ல. ரொம்ப நாளா நல்லா இல்ல."

மெஷின் சத்தம் நின்றது.

"சொல்லுப்பா" என்றாள்.